பிள்ளைக்காம்பராவின் பூட்டு

புயலுக்குப் பெயர் வைத்த அன்றே ஊசிமலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கொழும்பிலிருந்து கட்டளை வந்துவிட்டது. அந்தத் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து எதுவும் அவ்வளவு சீக்கிரம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பணிய லயத்து, அதாவது பள்ளத்திலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளின், கூரைக்குத் தகரம் கேட்டு எழுதிய பிறகு தோட்டத்தை நடத்தும் துரைமார் மாறிக்கொண்டே இருந்தார்கள். இப்போதிருக்கும் துரை, பணிய லயம் என்பது எந்தப் பக்கம் என்று விசாரிக்கும் கட்டத்தில் இருந்தார். கம்பியூட்டர் விஷயம் அப்படியில்லை. கடும் மழையோ, வெள்ளமோ, மண்சரிவோ எது வந்தாலும் கம்பெனியின் கம்பியூட்டர்களில் ஒரு துளி படக்கூடாது.

அதற்காக ஒரு கூட்டமும் நடந்தது. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த திரையில் கோட்டுப் போட்ட ஒருவர் கொழும்புக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பேசினார். இங்கே துரையும், பெரிய கிளாக்கர் றிச்சர்டும், கம்பியூட்டர் வேலைக்கு எடுத்திருந்த சுலக்ஷனாவும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அனர்த்த நேரத்தில் உங்களிடம் இருக்கும் ஆகப் பெறுமதியான சொத்து எது?" என்று கோட்டுக்காரர் கேட்டார்.

"கொழுந்துங்க சார்" என்றார் றிச்சர்ட்.

துரை மேசைக்கடியில் காலை அசைத்தார். றிச்சர்ட் உடனே திருத்திக்கொண்டார். "கம்பியூட்டருங்க சார்."

"கம்பியூட்டரும் இல்லை. அதற்குள் இருக்கும் டேட்டா" என்று கோட்டுக்காரர் புன்னகைத்தார். வகுப்பில் ஒருவரும் விடை சொல்லாதபோது வாத்தியார்களுக்கு வரும் திருப்தி அது.

அந்த டேட்டா குடியிருந்தது ஒரு கறுத்த பெட்டிக்குள். சர்வர் என்று பெயர். சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்திருந்தது. றிச்சர்ட் கத்தோலிக்கர் என்பதால் தன் பங்குக்குப் பக்கவாட்டில் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். இப்படி இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் இருந்தும், மழைக்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் பெட்டி கண்ணை மூடிக்கொள்ளும். அதை எழுப்பத் தெரிந்தவள் சுலக்ஷனா ஒருத்திதான்.

பணிய லயத்து மீனம்மாவின் மகள் அவள். அம்மா கொழுந்தெடுப்பவள், அப்பா அழகன் ஸ்டோரில், அதாவது தேயிலை பக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மகள் ராகலைக்கு பஸ்ஸேறிக் கம்பியூட்டர் படித்து வந்தாள். லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். வேலை இன்னும் நிரந்தரமில்லை. அடுத்த மாதம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் தப்பு எதுவும் நடக்கக்கூடாது என்பதும் சொல்லப்பட்டிருந்தது.

ஆபீஸ் ஓட்டுக்கூரை ஒழுகும். ஸ்டோரை ஒட்டி ஆறு ஓடுகிறது. பங்களாதான் பத்திரம் என்று றிச்சர்ட் மெல்ல இழுத்தார். பங்களாவில் நாய்கள் இருக்கின்றன என்று துரை ஞாபகப்படுத்தினார். அப்போதுதான் சுலக்ஷனா முதன்முறையாக ஒரு கூட்டத்தில் வாய் திறந்தாள்.

"பிள்ளைக்காம்பரா இருக்குங்க சார்."

மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று பாறைமேல் கொங்கிறீட் போட்டுக் கட்டி, சுவரில் தன் பெயரைச் சன்னலைவிடப் பெரிதாகப் பதித்துவிட்டுப் போயிருந்தது. ஓடையைத் தாண்டி, பணிய லயத்துக்கு மேலே, தோட்டத்திலேயே ஒழுகாத கூரை. கோட்டுக்காரர் தலையசைத்தார். துரையும் தலையசைத்தார்.

"ஆனா சார், பெருமழைன்னா பணிய லயத்துச் சனம் அங்கதான் வந்து படுக்கும்."

துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழில் கட்டளைகள் மட்டுமே இருந்தன. "நீ பூட்டு. சாவி நீ வை. ஆள் வந்தா நீ தொற. நீ பாத்துக்கோ. நீதான் பொறுப்பு" என்றார். சுலக்ஷனாவுக்கு அது பாராட்டுப் போலவே கேட்டது.

மறுநாள் செடி வெட்டும் கவ்வாத்து ஆட்கள் நாலு பேர் சர்வரைச் சாமி தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஓடைப் பாலத்தைக் கடந்தார்கள். சுலக்ஷனா முதல்நாளே எல்லாவற்றையும் வேறொரு சின்னப் பெட்டியில் பிரதி எடுத்து, வயர்களைக் கழற்றிச் சுற்றி, எது எதற்குரியது என்று துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தாள். தரையில் வைத்தால் ஈரம் ஏறும். ஆகவே சர்வரையும் மற்றக் கம்பியூட்டர்களையும் தொட்டில் கட்டில்களில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். மூடுவதற்குப் பொலித்தீன் போதவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு புதிதாக வந்து, பங்கிட ஆள் இல்லாமல் கட்டாகக் கிடந்தது. றிச்சர்ட் அதை எடுத்துவரச் சொன்னார். துரை நுவரெலியாவிலிருந்து வாங்கிவந்த புதுப் பூட்டு, கதவைவிடக் கொஞ்சம் உறுதியானது. உள்ளே இருப்பதற்கெல்லாம் கையெழுத்து வைத்துச் சுலக்ஷனா சாவியை வாங்கிக்கொண்டாள்.

அன்று பொழுதுபட மீனம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பூ குறைவு, மாவு கூட. பக்கத்தில் சம்பல். மகள் கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த சாவியைக் கழற்றிக் காட்டினாள்.

"ஒங்கிட்டயேவா குடுத்துட்டாங்க? பெரிய கிளாக்கருக்குக் குடுக்கல?"

"அவரு மூக்குக்கண்ணாடியவே ரெண்டு தரம் தேடுவாரும்மா."

அழகன் சாயத்தண்ணியை ஊதிக் குடித்தார். "எங்கய்யன் காலத்துல கங்காணிகிட்ட பெரம்பு இருந்திச்சு. இப்ப எம்மககிட்ட சாவி இருக்கு. முன்னேறித்தான் இருக்கோம்."

"சும்மா இருங்க" என்றாள் மீனம்மா. பிறகு மகளிடம், "மழ புடிச்சா சனம் எங்க போயிப் படுக்கும்?"

"நாந்தான் தொறந்து விடுவேனே. தொரைகிட்ட கேட்டுட்டேன்."

"கம்பியூட்டரோட படுக்கிறதுன்னா படம் கிடம் போடுவியா?" என்றார் அழகன்.

"ஒங்களுக்கு மட்டும் போட மாட்டேன்."

மீனம்மா சாவியை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அதில் துடைக்க எதுவும் இருக்கவில்லை. "நீ நெரந்தரமாயிட்டா நா மலைக்குப் போறத நிப்பாட்டிருவேன். இந்தக் காலப் பாரு. அட்ட கடிச்சுக் கடிச்சு மனுசக் காலு மாதிரியா இருக்கு?"

"நிப்பாட்டிட்டு என்னம்மா செய்வ?"

"வாசல் இஸ்தோப்புல நாக்காலி போட்டு ஒக்காந்து, மலைக்குப் போறவளுகள வெரட்டுவேன். நேரமாச்சு நேரமாச்சுன்னு."

மழை விடியுமுன்பே பிடித்தது. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுச் சங்கு ஊதவில்லை. மலைக்கு ஆள் பிரிக்கவில்லை. மழையில் வேலைக்குப் போகச் சொல்லாமல் விட்டதே கம்பெனியின் கருணை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அழகனை மட்டும் ஸ்டோருக்கு மண்மூட்டை அடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கொழும்புக்கு மணிக்கொரு தரம் கம்பியூட்டர் நிலவரம் தெரியவேண்டியிருந்தது. சொல்லில் நம்பிக்கையில்லை, படம் வேண்டும். சுலக்ஷனா காலையில் பிள்ளைக்காம்பராவைத் திறந்து, தொட்டில் தொட்டிலாகப் படம் பிடித்து, பழையபடி பூட்டினாள். படம் அனுப்ப டவர் கிடைப்பது ஓடைக்கு அந்தப் பக்கம், பங்களா கேட்டடியில்தான்.

"அனுப்பிட்டு ஓடியாந்து தொறந்து விடுறேம்மா. எல்லாரையும் ரெடியா இருக்கச் சொல்லு" என்று லயத்து வாசலில் நின்று சொல்லிவிட்டு, குடையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு பாலத்தைக் கடந்துபோனாள். அடுத்து இன்னொரு படம் கேட்டார்கள், சர்வரின் பின்பக்கம் தெரியும்படி. முதலில் அனுப்பியதே போய்ச் சேரவில்லை. அவள் பங்களா கேட்டில் நின்று போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஓடை பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

மத்தியானத்துக்குப் பிறகு பணிய லயத்து இஸ்தோப்புகளில் தண்ணீர் ஏறியது. பின்சுவரில் கை வைத்தால் சுவர் நனைந்த ரொட்டி மாதிரி அமுங்கியது. சனம் குழந்தைகளையும் துணிமூட்டைகளையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

"பூட்டியிருக்குடி."

"நெலையாணியில சாவி தொங்கும் பாரு."

"ஆணியில ஆணிதான் இருக்கு. இது தொரை வாங்கிப் போட்ட பூட்டு."

மீனம்மாவின் பக்கத்துக் காம்பரா ராக்காயி சன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். கொழுந்துக் கணக்கில் மலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவையே மடக்குகிற வாய் அவளுடையது. "தொட்டில்ல எல்லாம் கம்பியூட்டரு படுத்திருக்கு. நல்லாப் போத்திவிட்டிருக்காங்க. அடியே, நம்ம புதுப் படங்குடி அது."

"அடுத்த மாசந்தான் வரும்னாங்களே."

"அதுகளுக்குக் குளுந்திருச்சாம்."

சிலர் சிரித்தார்கள். கூரையின் கொங்கிறீட் விளிம்பு வெளியே ஒரு சாண்தான் நீண்டிருந்தது. அதற்கடியில் சுவரோடு ஒட்டிக் குழந்தைகளை நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் நனைந்தார்கள்.

தோட்டத் தலைவர் கந்தப்பன் வந்து சேர்ந்தார். யூனியன் கூட்டங்களில் ஒலிவாங்கி இல்லாமலே ராகலை வரைக்கும் கேட்கப் பேசக்கூடியவர். "தொழிலாளர் பெருமக்களே, இந்த அறை யாருடைய அறை? நம் பிள்ளைகளுடைய..." என்று தொடங்கினார். காற்று அவர் குடையை மறுபக்கம் திருப்பியது.

"தலைவரே, கூட்டத்தப் பொறகு வைங்க. அலவாங்க எடுங்க" என்றாள் ராக்காயி.

கந்தப்பன் இரும்பு அலவாங்கை வாங்கிப் பூட்டின் வளையத்துக்குள் நுழைத்தார். நெம்ப வேண்டியதுதான் பாக்கி. மீனம்மா வந்து கதவில் முதுகை வைத்துக்கொண்டாள்.

"ஒடைக்காதீங்க தலைவரே."

"தள்ளு தங்கச்சி. சின்னப் புள்ளைக நனையுது."

"சாவி எம்மககிட்ட இருக்கு. வந்துரும்."

"போனப் போட்டியா?"

"போட்டேன். டவரு இல்ல. வந்துரும் தலைவரே, சொல்லிட்டுத்தான் போச்சு."

"பூட்டுக்கு யூனியன் பதில் சொல்லும். நீ தள்ளு."

"பூட்டுக்கு நீங்க பதில் சொல்லுவீங்க. உள்ள இருக்கிறதுக்கு?" அவள் குரல் உயரவில்லை. "இத்தன பேரு ஈரத்தோட உள்ள போயி, ஒரு மெசினுல தண்ணி பட்டா எம்மகதான் பதில் சொல்லணும். அது கையெழுத்து வச்சிருக்கு. சாவியால தொறந்தா அது தொறந்ததாப் போகும். தொரையே தொறக்கச் சொல்லியிருக்காரு. ஒடைச்சா அது பாத்துக்கலன்னு ஆகும். அடுத்த மாசம் நெரந்தரம். லயத்துப் புள்ளைய ஆபீசுல வச்சிருக்க ஒருத்தருக்கும் மனசு இல்ல, ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு காரணம் கெடைக்காதான்னு பாத்துக்கிட்டிருக்காங்க. அத நம்ம கையாலயா குடுக்கணும்?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். முன்பெல்லாம் அரைப்பேர் விழுந்தால் விழுந்ததுதான். கம்பியூட்டர் சொல்லிவிட்டது என்பார்கள். கம்பியூட்டரிடம் போய் யார் கேட்பது? சுலக்ஷனா உட்கார்ந்த பிறகுதான் கேட்க ஆள் இருந்தது.

"போன மாசம் என்னோட அரைப்பேர அதுதான் தேடி எடுத்து முழுப்பேராக்குச்சு" என்று ராக்காயி தன் கால்களைப் பார்த்தபடி சொன்னாள். "தராசு பொய்யி பெரியம்மான்னு எங்கிட்டயே வந்து சொல்லிச்சு."

கந்தப்பன் அலவாங்கை வளையத்திலிருந்து உருவிச் சுவரில் சாய்த்தார். "ஒம்புள்ள எங்க புள்ள இல்லையா? கொஞ்சம் பாப்போம்."

கம்பெனியின் கம்பியூட்டர்களுக்கு அதைவிட நம்பகமான காவல் கொழும்பில் எங்கும் கிடைத்திருக்காது. பூட்டிய கதவைச் சுற்றி, பூட்டை உடைக்க அலவாங்கும் வைத்துக்கொண்டு, ஒரு லயமே மழையில் நின்றது.

மழை சாய்ந்தடிக்கத் தொடங்கியது. ஜொய்சி என்ற சின்னப் பெண் ஒருத்தி முதல் குழந்தையை மார்போடு அணைத்து நின்றாள். குழந்தை அழுவதை நிறுத்திவிட்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மீனம்மா குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில காஞ்ச கம்பளி ரெண்டு கெடக்கு. இந்தா எடுத்தாறேன்."

"இப்ப கீழ போகாத, மீனா" என்றாள் ராக்காயி.

"எட்டித் தொடுற தூரம்."

"நாங்க கேட்டமா ஒன்னைய? நில்லு. கதவ வேணும்னா ஒடைச்சிக்கிறலாம்."

"கதவத் தொறக்க வேணாமுன்னது நாந்தானே பெரியக்கா. புள்ளைக்கு எதயாச்சும் போத்தாம எப்புடி நிக்கிறது? எம்மக வந்திச்சின்னா சொல்லுங்க, இங்கதான் இருக்கேன்னு."

சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்து, படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கிப் போனாள். வாழ்நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்தெடுத்தவர்களின் நடை அது, வழுக்காது.

மண் சரிவது இடிபோலக் கேட்கும் என்பார்கள். லொறியிலிருந்து கொழுந்துச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் சத்தம்தான் கேட்டது. பிறகு பிடுங்கிய மண்ணின் வாசம். தேயிலைச் செடிகள் நிரை கலையாமல், நின்ற நிலையிலேயே மெல்ல இறங்கிவந்து, பணிய லயத்தின் கூரைமேல் நின்றன. அப்புறம் கூரை இருக்கவில்லை. ஒரு கோழி மட்டும் மேட்டில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது.

ஆண்கள் கீழே ஓடினார்கள். கந்தப்பன் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெண்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

அப்படி நின்றவர்களைத்தான் சுலக்ஷனா பார்த்தாள். பாலம் போன பிறகு ஸ்டோர் ரோட்டால் மலையைச் சுற்றி, லயம் கண்ணில் படாத மறுபக்கத்து ஒற்றையடி முடுக்கு வழியாக ஏறி வந்திருந்தாள். செருப்பு எங்கோ போயிருந்தது. மூச்சிரைத்தபடியே கயிற்றைக் கழுத்திலிருந்து இழுத்தாள்.

"மன்னிச்சிக்கங்க பெரியம்மா, பாலம் போயிருச்சு. சுத்தி வந்தேன். ஒரு படம் அனுப்பினா இன்னொரு படம் கேக்குறாங்க. ஐயோ, எல்லாரும் இப்புடி நனைஞ்சிட்டீங்களே. நா வர லேட்டுன்னா ஒடைச்சிருக்கலாந்தானே." பூட்டு திறந்தது. கதவைத் தள்ளினாள். "வாங்க, வாங்க. ஜொய்சி, புள்ளையத் தூக்கிட்டு மொதல்ல நீ வா."

யாரும் அசையவில்லை.

"என்ன பாக்குறீங்க? தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அம்மா எங்க?"

ராக்காயி அவள் கையைப் பிடித்தாள். வாய்க்கு எப்போதும் பஞ்சமில்லாத ராக்காயி கீழே பார்த்தாள். சுலக்ஷனா அவள் பார்வை போன பக்கம் திரும்பினாள். லயம் இருந்த இடத்தில் தேயிலைச் செடிகளைப் பார்த்தாள்.

பொழுது சாயும்வரை தோண்டினார்கள். அழகன் ஸ்டோரிலிருந்து வந்து, மண்வெட்டி வேண்டாம் என்று கையாலேயே தோண்டினார். மண்வெட்டி பட்டுவிடும் என்பது அவருடைய பயம். எங்கே தோண்டினாலும் அடுத்த மழை அங்கே மண்ணைக் கொண்டுவந்து நிரப்பியது. ராணுவம் வரும் என்றார்கள். ராகலை ரோட்டிலும் மண் விழுந்திருந்தது.

அந்த நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் துரை வந்து நின்றார். மழைக்கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். ஓடை இரைச்சலுக்கு மேலாகக் கைகளைக் குவித்துக் கூவினார்.

"கம்பியூட்டர் ஓகே?"

சேறு படிந்து நின்ற கந்தப்பன் நிமிர்ந்தார். இப்போது பேசினால் ராகலை வரைக்கும் கேட்கும் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

"ஓகேங்க தொரை."

துரை கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கொழும்புக்கு அறிவிக்கப் போனார். மற்ற விஷயம் இருட்டுவதற்குள் வேறொருவர் மூலம் அவருக்குத் தெரியவந்தது. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுலக்ஷனாவை ராக்காயி இழுத்துக்கொண்டு மேலே வந்து பிள்ளைக்காம்பராவுக்குள் உட்காரவைத்தாள். எல்லாரும் உள்ளே வந்திருந்தார்கள். வாசலில் சாக்கு விரித்துக் காலைத் துடைத்துத் துடைத்துத்தான் வந்தார்கள். தொட்டில் பக்கம் யாரும் போகவில்லை. எதிர்ச் சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்து, குழந்தைகளை மடியில் போட்டு, தங்கள் உடம்புச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜொய்சியின் குழந்தைக்கு ஒருவழியாக அழுகை திரும்பியிருந்தது.

சுலக்ஷனா அந்த அழுகையைக் கேட்டாள். எழுந்து தொட்டிலடிக்குப் போனாள். படங்கை உருவினாள். பொட்டு வைத்த கறுத்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

"கண்ணு, என்ன செய்யிற?"

"புள்ளையப் போடணும்."

"வேணாம். அத வை."

"புள்ளையப் போடணும் பெரியம்மா. இது தொட்டிலு. புள்ளையப் போடத்தானே தொட்டிலு." பெட்டியைக் கீழே இறக்கத் திரும்பினாள். ராக்காயியும், குழந்தையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வந்த ஜொய்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அதை அவளிடமிருந்து மெல்ல வாங்கித் தொட்டிலில் பழையபடி வைத்தார்கள். படங்கை இழுத்து மூடினார்கள்.

"புள்ளைய நாங்க மடியில வச்சிக்கிறோம், அக்கா" என்றாள் ஜொய்சி.

"இது எனக்கு வேணாம். எனக்கு இந்த வேல வேணாம் பெரியம்மா."

"ஒனக்கு வேணாம்டி" என்றாள் ராக்காயி. "எங்ககிட்ட ஒங்கம்மா கேட்டது இது ஒண்ணுதான். கேட்டுட்டுப் போயிட்டாளே. நாங்க இனி என்ன செய்யிறது?"

படங்குக்கு வெளியே தெரிந்த பெட்டியின் ஓரத்தில் யாருடையதோ ஈரக்கை பட்டிருந்தது. ராக்காயி முந்தானையால் அதைத் துடைத்தாள். முந்தானையும் நனைந்திருந்தது. ஈரம் இன்னும் கொஞ்சம் பரவியது. அவள் மறுபடியும் துடைத்தாள்.